ஜாக் ரசல் டெரியர்: வாசகர் கேள்விகளுக்கு மிருக வைத்தியரின் பதில்கள்

சென்ற இதழில் நாய்க்குட்டிகளுக்கான தடுப்பூசிகளைப் பற்றி எழுதியதன் பின்னர் மலையகத்தின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்தன. அவற்றுள் கணிசமானவை ஒரே இனத்தைப் பற்றியவை. முழங்காலுக்குக் கீழே நிற்கும், வெள்ளை உடலில் மண்ணிறத் திட்டுகள் கொண்ட ஜாக் ரசல் டெரியர் நம் ஊர்களில் இப்போது பல வீடுகளில் வளர்கிறது. அதன் குணத்தை அறியாமல் வாங்கியவர்களின் வருத்தம் பல கடிதங்களில் தெரிந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

நானுஓயாவிலிருந்து ஓர் ஆசிரியை: டொக்டர் அம்மா, எங்களிடம் ஒன்பது மாத ஜாக் ரசல் பெட்டை ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த லீக்ஸ், கரட் பாத்திகளை ஒரே காலையில் தோண்டித் தள்ளிவிட்டது. நாங்கள் பாடசாலைக்குப் போன நேரம் முதல் குரைத்துக்கொண்டே இருப்பதாக அயலவர்கள் முறையிடுகிறார்கள். அடித்தும் பார்த்தோம், கட்டியும் பார்த்தோம். இதற்கு ஏதேனும் மனக்கோளாறு இருக்குமோ?

பதில்: உங்கள் நாய்க்கு எந்தக் கோளாறும் இல்லை அம்மா. அது எதற்காக உருவாக்கப்பட்டதோ அந்த வேலையை, யாரும் கொடுக்காதபடியால், தானே தேடிச் செய்துகொண்டிருக்கிறது.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த ஜோன் ரசல் என்ற பாதிரியாரின் பெயரையே இந்த இனம் தாங்கியிருக்கிறது. அவர் 1819ஆம் ஆண்டில், ஒக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது, ஒரு பால்காரரிடமிருந்து ‘ட்ரம்ப்’ என்ற வெள்ளை நிறப் பெட்டை நாயொன்றை வாங்கினார். அந்த ஒரு நாயிலிருந்தே இந்த வம்சத்தின் கதை தொடங்குகிறது. நரி வேட்டையின்போது நரி பொந்துக்குள் புகுந்துவிட்டால், அதன் பின்னாலேயே நுழைந்து அதை வெளியே விரட்டுவதுதான் இந்த நாயின் தொழில். பொந்துக்குள் நுழையக்கூடிய ஒடுங்கிய மார்பு, நரியென்று வேட்டை நாய்கள் தவறாகக் கடித்துவிடாதிருக்க வெள்ளை நிறம், இருட்டில் தன்னைவிடப் பெரிய விலங்கொன்றைத் தனியே எதிர்கொள்ளும் துணிச்சல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். டெரியர் என்ற சொல்லுக்கே மண் என்று பொருள்படும் இலத்தீன் சொல்தான் வேர். அப்படிப்பட்ட நாயின் முன்னால் நீங்கள் புதிதாகக் கொத்தி, எருப்போட்டு, மிருதுவாக்கிய பாத்தியை விரித்து வைத்தால் அது தோண்டாமல் இருக்குமா?

குரைப்புக்கும் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு ஜாக் ரசல் ஒரு மாலையில், தேயிலை மலையின் ஓரத்திலிருந்த முள்ளம்பன்றிப் பொந்தொன்றுக்குள் போய்விட்டது. கூப்பிட்டும் வரவில்லை. நான் ஈரப் புல்லில் படுத்துக் காதை நிலத்தோடு வைத்தேன். அடியில், எங்கேயோ தூரத்தில் போல, விட்டு விட்டு ஒரே சீராகக் குரைக்கும் ஒலி கேட்டது. இரண்டு அடி வலப்பக்கம் நகர்ந்தபோது ஒலி தெளிந்தது. இன்னும் ஓர் அடி போனதும் காலுக்குக் கீழேயே கேட்டது. அந்த இடத்தில் அயலவர் இருவர் மண்வெட்டியால் வெட்டினார்கள். தாடையில் நான்கைந்து முட்கள் தைத்திருக்க, கண்ணைத் தவிர முழுவதும் சேறாக வெளியே வந்தது. மேலே நிற்கும் மனிதனுக்குத் தான் இருக்கும் இடத்தைக் காட்டுவதற்காகவே இந்த நாய்களை ஓயாமல் குரைக்கும்படி வளர்த்தெடுத்தார்கள் என்பதை நான் படித்திருந்தேன்; அன்றுதான் உணர்ந்தேன். உங்கள் நாயும் பூட்டிய வீட்டில் தனியே நின்று, நான் இங்கே இருக்கிறேன், வாருங்கள் என்றுதான் கூப்பிடுகிறது. அதற்கு அடி கொடுத்தால் அச்சம் கூடும், அச்சம் கூடினால் குரைப்பும் கூடும்.

செய்ய வேண்டியவை அதிகச் செலவில்லாதவை. பாடசாலைக்குப் புறப்படுவதற்கு முன் அரைமணி நேரம், மாலையில் இன்னும் அரைமணி நேரம் என்று நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலமாவது அதை நடத்திச் செல்லுங்கள். கழுத்துப்பட்டிக்குப் பதிலாக மார்பைச் சுற்றிக் கட்டும் வாரைப் பாவியுங்கள், ஏனெனில் இது இழுக்கும் நாய். முற்றத்தின் ஒரு மூலையில் நான்கு பலகைகளை அடித்து உள்ளே மணலை நிரப்பி, அதற்குள் முடிச்சிட்ட பழைய துணியையோ அவித்த இறைச்சித் துண்டையோ புதைத்துவிட்டு, அங்கே தோண்டும்போது மனம் திறந்து பாராட்டுங்கள். பாத்திகளைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, அதன் அடிப்பகுதியை ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். மழை நாட்களில் வீட்டுக்குள்ளேயே மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றின் கீழ் ஒரு சிறு துண்டு கோழி ஈரலை வைத்து, மோந்து கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் மூக்கால் வேலை செய்த நாய் நீண்ட நடைக்குப் பிறகு களைத்தது போல உறங்குவதைப் பார்ப்பீர்கள். நீங்கள் பாடசாலையில் இருக்கும் நேரத்தில், நடுப்பகலில் ஒருமுறை வந்து பார்க்க வீட்டுக்கு அருகில் இருப்பவர் யாரையாவது ஒழுங்குசெய்ய முடிந்தால் முறைப்பாடுகளில் பாதி குறைந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நானுஓயாவின் குளிர் இந்த இனத்தின் குட்டை மயிருக்குச் சற்றுக் கடுமையானது. மூடுபனியில் நனைந்து வந்தால் நெருப்பருகே விடுவதற்கு முன் வயிற்றையும் கால் விரல் இடுக்குகளையும் துணியால் துடைத்து உலர்த்துங்கள். சீமெந்துத் தரையில் படுக்க விடாமல், தரையிலிருந்து சற்று உயர்ந்த பலகையும் அதன்மேல் மடித்த சாக்கும் போட்டுக் கொடுங்கள்.

மஸ்கெலியாவுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஓர் இளைஞர்: பங்களாவில் வேலை செய்யும் எங்கள் மாமா மூலமாக இந்த நாய் கிடைத்தது. மூன்று வயது. வீட்டில் எலியே இல்லாமல் செய்துவிட்டது. ஆனால் பக்கத்துக் காம்பராக்காரரின் கோழிகள் இரண்டைக் கொன்றுவிட்டது. செத்த கோழியை அதன் கழுத்தில் கட்டிவிட்டால் இனித் தொடாது என்கிறார் அப்பா. பகலில் கட்டிவைத்து இரவில் அவிழ்த்துவிடலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்த இரண்டு கோழிகளுக்குரிய பணத்தை அயலவரிடம் கொடுத்துவிடுங்கள். லயத்தில் ஒரு நாயை அமைதியாக வளர்ப்பதற்குப் பக்கத்துக் காம்பராவின் மனநிறைவு தேவை.

கோழியைக் கழுத்தில் கட்டும் பழக்கத்தை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன், பயன் கண்டதில்லை. காலையில் செய்ததற்கு மாலையில் தரப்படும் தண்டனையை நாய் இரண்டையும் இணைத்துப் புரிந்துகொள்வதில்லை. அழுகும் இறைச்சி கழுத்தில் தொங்குவதால் புண்ணும் நோயும்தான் வரும். எலியைக் கண்டதும் பாயும் அதே உந்துதல்தான் சிறகடித்து ஓடும் கோழியைக் கண்டதும் பாய்கிறது. எலிக்கு அதை விரும்பிக் கோழிக்கு மட்டும் மறக்கச் செய்ய உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. கோழிகள் மேயும் நேரத்தில் நாய் அவிழ்ந்திருக்கக் கூடாது என்பது ஒன்றே வழி.

பகலில் கட்டும்போது குட்டைச் சங்கிலியால் ஒரு தூணோடு கட்ட வேண்டாம். இரண்டு கம்பங்களுக்கிடையே பதினைந்து, இருபது அடிக்குக் கம்பியொன்றை இழுத்துக் கட்டி, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியைக் கோத்தால் நாய் அங்குமிங்கும் நடமாடும். நிழலும் நீரும் அந்த ஓட்டத்துக்குள் இருக்கட்டும். அதுவும் சில மணித்தியாலங்களுக்கு மட்டுமே.

இரவில் அவிழ்த்துவிடுவதை நான் முற்றாக எதிர்க்கிறேன். உங்கள் பகுதித் தேயிலை மலைகளில் சிறுத்தைகள் நடமாடுகின்றன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; ஆறு கிலோ நாய் அதற்கு ஒரு வாய். காட்டுப் பன்றிக்கென்று வைக்கப்படும் சுருக்குக் கம்பிகளில் சிறுத்தைகளே அகப்பட்டு மடிகின்றன. பற்றைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு ஓடும் டெரியருக்கு அது இன்னும் பெரிய ஆபத்து. எதிர்ப்பட்டது எதுவாயினும் இந்த நாய் பின்வாங்காது. தெருநாயோடும் மோதும், கீரியையும் பிடிக்கும். இரண்டிலிருந்தும் விசர்நோய் தொற்றக்கூடும். ஆகவே இரவில் அது காம்பராவுக்குள்ளோ கதவடைத்த இஸ்தோப்பிலோ உறங்கட்டும். விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நாளைக் கேட்டறிந்து ஆண்டுதோறும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

எலி பிடிப்பது பற்றியும் சொல்கிறேன். எலியின் சிறுநீரிலிருந்து பரவும் எலிக்காய்ச்சல் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரைக் குடிக்கும். நாயின் சிறுநீர் வழியாக வீட்டாருக்கும் தொற்றும். அதற்கான தடுப்பூசியையும் ஆண்டுதோறும் போட வேண்டும். தோட்டத்திலோ கடையிலோ எலி மருந்து வைத்திருக்கிறார்களா என்று விசாரித்து வையுங்கள். பெரும்பாலான எலி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. நாய் அந்த மருந்தை உண்டால் மூன்று, நான்கு நாட்கள் ஒன்றும் தெரியாது. அதன் பிறகு திடீரென்று சோர்வு, முரசு (பல் ஈறு) வெளிறுதல், மூச்சுவாங்கல், இரத்தக் கசிவு என்று தொடங்கும். மருந்து உண்டதாகச் சந்தேகம் வந்த அன்றே, மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள். விற்றமின் கே1 உரிய வேளையில் கிடைத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

கண்டியிலிருந்து ஒரு வாசகர்: குட்டியின் வாலை வெட்டினால்தான் இது அசல் ஜாக் ரசல் என்று விற்றவர் கூறுகிறார். உண்மையா?

பதில்: உண்மையில்லை. பொந்துக்குள் சிக்கிய நாயை வாலைப் பிடித்து இழுத்தெடுப்பதற்காகக் கைப்பிடியளவு விட்டு வெட்டிய பழைய வழக்கம் அது. இங்கிலாந்திலேயே 2007 முதல், வேலை நாய்களுக்கான விதிவிலக்கோடு, வால் வெட்டுவது தடுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் குட்டி முழு வாலோடு வளரட்டும்.

கினிகத்தேனையிலிருந்து ஒரு குடும்பத் தலைவி: எங்கள் நாய்க்கு இரண்டு வாரமாக ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் இடையிடையே இரத்தம் சொட்டுகிறது. அடிக்கடி தும்முகிறது, முன்காலால் மூக்கைத் தேய்க்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது. மழைக்காலத்தில் உண்ணியும் அட்டையும் ஓயாது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் எழுதிய அடையாளங்களைப் பார்த்தால் மூக்கினுள் நீர் அட்டை புகுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். நாம் தேயிலை மலையில் காலில் ஏற்றிக்கொள்ளும் அட்டை வேறு, இது வேறு. ஓடையிலும் பீலியிலும் நாய் நீர் குடிக்கும்போது நூல் போன்ற சிறு அட்டை மூக்கினுள் ஏறி, அங்கேயே இரத்தம் குடித்து வாரக்கணக்கில் வளரும்.

நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து இதே முறைப்பாட்டோடு ஒரு ஜாக் ரசலை என்னிடம் கொண்டு வந்தார்கள். காலையிலிருந்து அதற்கு நீர் கொடுக்க வேண்டாமென்று சொல்லியிருந்தேன். ஒரு வெள்ளைப் பீங்கானில் குளிர்ந்த நீரை எடுத்து அதன் மூக்கருகே பிடித்துக்கொண்டு, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். ஐந்தாறு நிமிடம் சென்றிருக்கும். இடப்பக்கத் துவாரத்தின் ஓரத்தில் கரும்பச்சை நுனியொன்று தெரிந்தது. நீரை மோப்பம் பிடிப்பது போல நீண்டு, திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது. மூன்றாம் முறை நீண்டபோது இடுக்கியால் பிடித்து, இழுத்தறுக்காமல், அது தானாகப் பிடியை விடும்வரை மெதுவாகத் தாங்கிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது என் சுண்டுவிரல் நீளம் இருந்தது. இப்படி எல்லா முறையும் எளிதில் வராது. சில நாய்களை மயக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் உப்பு நீரையோ சுண்ணாம்பையோ மூக்கில் ஊற்றிவிடாதீர்கள்.

ஆனால் அட்டைதான் என்று முடிவு செய்துவிட்டும் இருக்காதீர்கள் அம்மா. உண்ணிகள் பரப்பும் காய்ச்சல்களில் சிலவற்றாலும் மூக்கிலிருந்து இரத்தம் வரும். நாயின் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால், அல்லது சிறுநீர் தேயிலைச் சாயம் போல இறங்கினால், உண்ணிக்காய்ச்சல் இரத்தத்தை அழித்துக்கொண்டிருக்கிறது என்று கருதி அன்றைக்கே வைத்தியரிடம் செல்ல வேண்டும். காய்ச்சல் என்று நினைத்து மனிதருக்கான காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது; இவ்வளவு சிறிய உடலுக்கு அது நஞ்சாகலாம்.

உண்ணிக்கு நாள்தோறும் மாலையில் காது மடிப்பு, கழுத்துப்பட்டியின் அடி, கால் விரல் இடுக்கு ஆகிய மூன்று இடங்களைத் தடவிப் பார்ப்பதுதான் சிறந்த வழி. தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்தால் உண்ணி முழுதாக வரும். நாய்க்கென்றே தயாரிக்கப்பட்ட மருந்துகளை எடைக்கேற்ப வைத்தியர் எழுதித் தருவார். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தையும் மரக்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்தையும் கரைத்து நாயைக் குளிப்பாட்டி, வலிப்பு வந்த நிலையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அனைவரும் தம் நாயை நேசித்தவர்கள்தான் என்பதால் அது இன்னும் வேதனையாக இருந்தது.

ஹப்புத்தளையிலிருந்து ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர்: என் நாய்க்கு ஐந்து வயது. நேற்று முதல் வலது கண் சிவந்து, கருவிழி நீலம் பாய்ந்தது போல் இருக்கிறது. கண்ணை மூடி மூடித் திறக்கிறது. தாய்ப்பால் விட்டால் சுகமாகும் என்கிறார்கள்.

பதில்: ஐயா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசிவிட்டோம். ஏனையோரும் அறிந்திருக்க வேண்டியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஜாக் ரசல் உள்ளிட்ட டெரியர் இனங்களில், கண்ணின் வில்லையைத் தாங்கும் நுண்ணிழைகள் பிறவியிலேயே பலவீனமாக அமைந்துவிடுவது உண்டு. இது பரம்பரையாக வருவது. பெரும்பாலும் மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் வெளிப்படும். இழைகள் அறுந்து வில்லை இடம்பெயர்ந்து முன்னே விழுந்தால், கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். அந்த அழுத்தத்தில் பார்வை நரம்பு ஓரிரு நாட்களிலேயே அழிந்துபோகலாம். வலியும் கடுமையானது. இந்த இனம் வலியை எளிதில் காட்டாது என்பதால், சற்றுக் குறைவாகச் சாப்பிடுகிறது, மூலையில் படுத்திருக்கிறது என்ற அளவில்தான் வீட்டாருக்குத் தெரியும்.

ஆகவே டெரியரின் கண் திடீரென்று சிவந்தாலும், நீலம் பாய்ந்தாலும், வெளிச்சத்தில் சுருங்கினாலும், அதை மணிக்கணக்கில் எண்ண வேண்டிய அவசரமாகக் கொள்ளுங்கள். தாய்ப்பாலும் வேண்டாம், மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்தும் வேண்டாம். அருகிலுள்ள மிருக வைத்தியரிடம் அன்றே காட்டி, தேவையானால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் பெற்றுச் செல்லுங்கள். ஒரு கண்ணில் வந்தால் மற்றக் கண்ணிலும் வரக்கூடும் என்பதால் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். இந்நோய் கண்ட நாயைக் குட்டி போட விடக் கூடாது.

பதுளையிலிருந்து ஒரு வாசகி: சோறும் கருவாடும்தான் கொடுக்கிறோம். இப்போது ஒன்பது கிலோ. அளவு சரியா?

பதில்: இருபத்தைந்து முதல் முப்பது சென்றிமீற்றர் உயரமுள்ள ஜாக் ரசலுக்கு ஐந்து முதல் ஆறு கிலோவே அளவு. ஒன்பது கிலோ என்றால் முழங்கால் சில்லு எளிதில் விலகும் இவ்வினத்துக்குக் கால்களில் பெரும் பாரம். ஆறு கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிலோகலோரி போதும். நீங்கள் உண்ணும் ஒரு கோப்பைச் சோற்றிலேயே அதில் பாதி வந்துவிடுகிறது. சோற்றைப் பாதியாகக் குறைத்து, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், கோழியிறைச்சி, கரட், பூசணி ஆகியவற்றைக் கூட்டி, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கருவாட்டை உப்பு நீங்க ஊறவைத்தாலும் குறைவாகவே கொடுக்க வேண்டும். வெங்காயம், பூண்டு சேர்ந்த சம்பலும் கறிக் குழம்பும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். சமைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும்.

நுவரெலியாவிலிருந்து ஒரு தம்பதியர்: நாங்கள் இருவரும் வங்கியில் வேலை. மகனுக்கு இரண்டரை வயது. வாடகை வீடு, முற்றம் இல்லை. சிறிய நாய்தானே, மகனுக்கு விளையாட்டுத் துணையாக இருக்கும் என்று ஜாக் ரசல் குட்டி ஒன்றை வாங்க எண்ணுகிறோம்.

பதில்: இப்போது வாங்க வேண்டாம் என்றே மனப்பூர்வமாகச் சொல்கிறேன். உடலில் சிறியது என்பதால் தேவைகளிலும் சிறியது என்று எண்ணித்தான் பலர் இந்த நாயை வாங்கி, ஓராண்டுக்குள் யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். காதைப் பிடித்து இழுக்கும், உணவுக் கிண்ணத்தில் கைவிடும் வயதுக் குழந்தையைச் சகித்துக்கொள்ளும் பொறுமை இந்த இனத்துக்குக் குறைவு; எச்சரித்துவிட்டுக் கடித்துவிடும். கடித்த பிறகு குற்றம் நாயின் மேல்தான் விழும். மகனுக்கு ஏழு, எட்டு வயதாகி, பந்தெறிந்து அதனோடு ஓடக்கூடியவனானபின் இருவரும் நல்ல நண்பர்களாவார்கள். பதின்மூன்று முதல் பதினாறு ஆண்டுகள் வரை வாழக்கூடிய நாய் என்பதால், அவன் பாடசாலைக் காலம் முழுவதும் கூட வரும்.

அந்த நேரம் வரும்போது, குட்டியை மட்டும் காட்டுபவரிடம் வாங்காமல் தாய் நாயையும் பார்க்கக் கேளுங்கள். தாய் உங்களைக் கண்டு ஒளியாமல், பாயாமல், வாலாட்டி வந்து மோந்து பார்க்கிறதா, அதன் கண்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பெற்றோரின் கண்களைப் பற்றியும் வில்லை நோய்க்கான மரபணுச் சோதனையைப் பற்றியும் கேளுங்கள். பிறவிச் செவிடு சில குட்டிகளில் உண்டு. பின்னால் நின்று மெதுவாகக் கைதட்டினால் திரும்புகிறதா என்று பாருங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து எடுக்க வேண்டாம்.